ஏழாம் கல்லில் நின்றவள்

"வேலி பொய் சொல்லுது சார்" என்றார் செயலாளர் அம்மா.

வாயாடி குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தாள். துப்பறியும் தொழிலில் மாமாவுக்கு உதவியாளாகச் சேர்ந்த இந்த நாலு வருஷத்தில், புருஷன் பொய் சொல்கிறான், பங்காளி பொய் சொல்கிறான், காப்பீட்டுக் கம்பெனி பொய் சொல்கிறது என்று எத்தனையோ பேர் வந்து மூக்கைச் சிந்தியிருக்கிறார்கள். வேலியின் மேல் புகார் கொடுக்க ஒருத்தரும் வந்ததில்லை.

"வாயில்லாத ஜென்மம் மேடம் அது. எப்படிப் பொய் சொல்லும்?"

"உன் வாயில பாதியக் கடன் வாங்கியிருக்கும். நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் மாமா.

மாமா என்றால் சொந்த மாமா. அம்மாவின் தம்பி. காப்பீட்டு மோசடிகளைக் கண்டுபிடிப்பதில் இருபத்தைந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது தனியாகக் கடை விரித்திருப்பவர். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்துக்கும் வங்கிக்கும் மட்டும்தான் அது தெரியும். மூன்று வயதில் மாமா வைத்த 'வாயாடி'தான் நிலைத்துவிட்டது.

அவர்கள் உட்கார்ந்திருந்தது சைக்கிள் கடைக்கு மேலே மூன்று அறைகளில் நடக்கும் ஒரு நில அறக்கட்டளை. ஒரு சதுப்பு, இரண்டு குன்றுகள், ஒரு பழைய செங்கல் சூளை, குளத்தைச் சுற்றிய ஒரு காடு என்று வட்டாரம் முழுக்கப் பதினேழு இடங்கள் அவர்கள் பொறுப்பில் இருந்தன. எல்லாம் தானமாக வந்தவை. வெட்டக்கூடாது, கட்டக்கூடாது, அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்பதுதான் தானம் கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனை.

"ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கு ஒரு ஆபீஸா?" என்று படியேறும்போதே வாயாடி கேட்டிருந்தாள். "நம்ம வீட்ல ஞாயித்துக்கிழமை நீங்க பண்றதும் அதானே மாமா. போர்டு மாட்டாம பண்றீங்க."

ஆனால் செயலாளர் அம்மாவின் முகத்தைப் பார்த்தபிறகு அந்த விளையாட்டு கொஞ்சம் அடங்கிவிட்டது. இந்த மூன்று அறைகளுக்குள்ளேயே நரைத்துப்போன பெண்மணி. கண்ணுக்குக் கீழே கருவளையம். தூங்கி ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

விஷயம் இதுதான். குளக்காட்டின் கிழக்குக் கரையில் ஒரு பழைய கல்பாலம். பாலத்தை ஒட்டி ஒரு துண்டு நிலம். பக்கத்து நிலத்துக்காரர் ஒரு விடுதி முதலாளி. அந்தத் துண்டும் பாலமும் தனக்குத்தான் சொந்தம் என்று அவர் இரண்டு மாதத்துக்கு முன்னால் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். பதினொரு வருஷமாக அங்கே அவருடைய வேலி நிற்கிறதாம். பத்து வருஷம் யாரும் தட்டிக் கேட்காமல் வேலி நின்றுவிட்டால் நிலம் வேலி போட்டவருக்கு. சட்டம் அப்படி.

"பாலத்தை இடிச்சிட்டு குளத்துக்குள்ள காட்டேஜ் கட்டப் போறான். நானூறு வருஷத்துப் பாலம் சார் அது. நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு விசாரணை."

"அவர் சொல்றது பொய்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் மாமா.

செயலாளர் அம்மா ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். போன வருஷத்துப் படிவம். அதில் ஒட்டியிருந்த புகைப்படத்தில் குளக்கரை, கல்பாலம், மரங்கள். மருந்துக்குக்கூட வேலி இல்லை.

"எங்க நிலம் எல்லாத்துலயும் நம்பர் போட்ட கல்லு நட்டிருக்கோம். வருஷா வருஷம் கோடையில எங்க எல்லைக்காரர் நடந்து போய், ஒவ்வொரு கல்லு மேலயும் நின்னு, அதே திசையில ஒரு படம் எடுப்பார். எதாவது மாறியிருந்தா தெரிஞ்சிடும். இது ஏழாம் கல்லு. போன வருஷம் வேலியே இல்லை. இப்ப போய்ப் பாத்தா துருப்பிடிச்சு, கொடி படர்ந்து நிக்குது. எங்கேயோ இருந்த பழைய வேலியைப் பிடுங்கிட்டு வந்து நட்டிருக்கான். அதை நிரூபிச்சுக் குடுங்க. அது போதும்."

"பழசை வாங்கிப் புதுசுன்னு வித்த கடைக்காரனைப் பாத்திருக்கோம்" என்றாள் வாயாடி. "புதுசை வெச்சுக்கிட்டுப் பழசுங்கறவர் இவர்தான் முதல்ல."

எல்லைக்காரர் வாசலில் காத்திருந்தார். பதினேழு நிலங்களின் எல்லையையும் இருபது வருஷமாகக் காலால் அளந்தவர் என்பதால் வந்த பெயர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒட்டிய கன்னம், அழுத்தித் துவைத்த சட்டை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற ஆள். வாயாடிக்கு அப்படிப்பட்டவர்களைக் கண்டால் கை அரிக்கும்.

காட்டுக்குள் நடக்கும்போது அவள் கணக்கெடுத்துக்கொண்டே வந்தாள். முதல் கல் முழங்கால் உயரம். வெள்ளையடித்து, எண்ணைக் கறுப்பில் பளிச்சென்று எழுதியிருந்தது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவது கல்லைச் சுற்றிப் புல்கூடச் செதுக்கியிருந்தது.

"ஐயா, இந்தக் கல்லுங்களுக்கு நீங்க பண்ற மேக்கப்பை எங்க மாமா மூஞ்சிக்குப் பண்ணியிருந்தா அவருக்கு எப்பவோ கல்யாணம் ஆகியிருக்கும்."

எல்லைக்காரர் லேசாகச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆறாம் கல் வந்ததும் அவர் நின்றார். "நேரா போனா ஏழாம் கல்லு. நீங்க போயிட்டு வாங்க. எனக்கு முட்டி பிடிச்சுக்கிச்சு" என்று சொல்லிவிட்டுக் கல்லின் மேல் உட்கார்ந்தார். அதுவரை மேட்டிலும் பள்ளத்திலும் அவர்கள் இருவரையும் மூச்சு வாங்க வைத்துக்கொண்டு முன்னால் நடந்த கால்கள்.

மாமா அந்தக் கால்களை ஒரு தடவை பார்த்துவிட்டு முன்னால் நடந்தார். வாயாடி வாயைத் திறக்காமல் பின்னால் போனாள். அது நடப்பது அபூர்வம்.

ஆறாம் கல்லுக்கும் ஏழாம் கல்லுக்கும் நடுவே பாதையே இல்லை. இடுப்பளவு புதர். முள் விலக்கி, துணி கிழிந்து போய்ச் சேர்ந்தபோது ஏழாம் கல் பாசி பிடித்துக் கிடந்தது. எண் இருந்த இடத்தை நகத்தால் சுரண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"ஆறு பேரும் சலூனுக்குப் போயிட்டு வந்திருக்காங்க. இவர் மட்டும் ஏன் மாமா சாமியாராப் போயிட்டார்?"

"பாத்துக்கிட்டே வா" என்றார் மாமா.

இருபது அடி தள்ளி வேலி. முள்கம்பி செங்கல் நிறத்துக்குத் துருப்பிடித்திருந்தது. வரிசையாகக் கம்பங்கள், நடுவில் ஒரு இடத்தில் கம்பத்துக்குப் பதில் கரையோர மரம் ஒன்றின் மேலேயே கம்பியை ஆணியடித்து இழுத்திருந்தார்கள். மாமா அந்த மரத்தைக் கட்டிப்பிடிக்காத குறையாக நின்று பார்த்தார். கம்பி ஒரு பக்கம் மரத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. ஆணியைக் காணவில்லை. மரப்பட்டை வளர்ந்து இரண்டையும் மூடிவிட்டிருந்தது. வாயாடி ஆள்காட்டி விரலைச் சந்தில் விட்டுப் பார்த்தாள். இரண்டு கணு உள்ளே போனது, கம்பி தட்டுப்படவில்லை.

"பழைய கம்பத்தைப் பிடுங்கிட்டு வரலாம்" என்றார் மாமா. "பழைய கம்பியைச் சுருட்டிட்டு வரலாம். கம்பியை முழுங்கின மரத்தை எவனாலயும் தூக்கிட்டு வர முடியாது."

"அப்படின்னா?"

"வேலி பொய் சொல்லல. பல வருஷமா இங்கதான் நிக்குது."

வாயாடி கொஞ்சம் யோசித்தாள். வேலி பல வருஷம் பழசு. போன வருஷத்துப் படத்தில் வேலி இல்லை. ஏழாம் கல்லுக்குப் பாதை இல்லை. முட்டிவலிக்காரர் ஆறாம் கல்லோடு நின்றுவிட்டார். கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

"அந்த மனுஷன் இங்க வர்றதே இல்லை மாமா. படம் போலி. விடுதிக்காரன் அவரைக் கைக்குள்ள போட்டுக்கிட்டான். பத்து வருஷம் ஆகற வரைக்கும் கண்ணை மூடிக்கோன்னு சொல்லியிருக்கான். நம்ம ஆளும் மூடிக்கிட்டார்."

"அவசரப்படாதே."

"அவசரமா? விசாரணை நாளைக்கு! இவ்வளவு நல்ல சட்டை போட்டுக்கிட்டு இவ்வளவு பெரிய துரோகமா?"

அவளுக்கு உண்மையிலேயே ஆத்திரம். திரும்பி வரும் வழியெல்லாம் எல்லைக்காரரின் முதுகை முறைத்துக்கொண்டே வந்தாள். அவரோ ஒவ்வொரு கல்லிலும் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டுக்கொண்டே நடந்தார்.

அலுவலகத்தில் மாமா கேட்டது ஒரே ஒரு உதவி. ஏழாம் கல்லின் கடைசிப் பத்து வருஷத்துக் கோப்புகள். ஒவ்வொரு வருஷத்துக்கும் தனித்தனிக் கோப்பு, தனித்தனி அலமாரித் தட்டு. எடுத்துப் பார்ப்பதும் ஒவ்வொன்றாகத்தான். பத்தையும் ஒரே மேஜையில் பரப்பி வைத்தது அன்றுதான் முதல் தடவையாம். செயலாளர் அம்மா ஒரு பக்கம், எல்லைக்காரர் கதவோரம். மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

பத்துப் படங்களும் பார்வைக்கு வேறு வேறாகத்தான் இருந்தன. ஒன்று வெளிறிப்போய், ஒன்று இருட்டாக, ஒன்றில் வானம் அதிகம், ஒன்றில் தண்ணீர் அதிகம். எதிலும் வேலி இல்லை. எல்லாவற்றிலும் தூரத்தில் சின்னதாக ஒரு உருவம், சிவப்பும் வெள்ளையும் அடித்த ஒரு உயரக் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இது யாரு?" என்றார் மாமா.

"அது அளவுக்கு" என்றார் செயலாளர் அம்மா. "மரம் எவ்வளவு உயரம், கரை எவ்வளவு சரிஞ்சிருக்குன்னு தெரிய, இருபது அடி தள்ளி யாராவது கோலைப் பிடிச்சிக்கிட்டு நிப்பாங்க. யார் கிடைக்கறாங்களோ அவங்க. நாங்க கோலைத்தான் பாப்போம். ஆளைப் பாக்கறதில்லை."

வாயாடி பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். கோபத்தில் இருந்தாள், அதனால் நாக்கு வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.

"சின்னப் பொண்ணு மாமா. உச்சி வெயில்ல கம்பளித் தொப்பி போட்டுக்கிட்டு நிக்குது, மஞ்சள் கலர்ல." அடுத்த படத்துக்கு நகர்ந்தாள். "இதுலயும் அதே பொண்ணு. அதே தொப்பி. இதுலயும். அட, பத்து வருஷமா ஒரே தொப்பி, ஒரே சட்டை, ஒரே உயரம்! இந்தப் பொண்ணுக்கு மட்டும் வயசே ஆகலையா? என்ன சாப்பிடறான்னு கேட்டுச் சொல்லுங்க ஐயா, எங்க அம்மாவுக்கு வேணும்."

யாரும் சிரிக்கவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். செயலாளர் அம்மா பூதக்கண்ணாடியைக் கேட்கக்கூட இல்லை. படத்தைக் கையில் எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவர் முகம் வெளிறிப்போனதை வாயாடி பார்த்தாள்.

"கடவுளே" என்றார். "உங்க பாப்பா."

கதவோரத்தில் எல்லைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவ அடக்கத்துக்கு நான் வந்திருந்தேனே" என்றார் செயலாளர் அம்மா. "ஒன்பது வருஷம் ஆச்சே."

வாயாடிக்கு நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்று இருந்தது. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. அந்த அறையில் அவள் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது போலிருந்தது. வயசே ஆகலையா, வயசே ஆகலையா.

மாமாதான் எழுந்து போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்க. சொல்லுங்க."

எல்லைக்காரர் உட்காரவில்லை. நின்றபடியே, மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"முதல் படம் நிஜம் சார். லீவு விட்டா என்கூட வந்துடுவா. கோலைத் தூக்கறது அவ வேலை. அந்த வருஷம் உடம்புக்கு முடியல. வேணாம்மான்னு சொன்னேன். ஏழாம் கல்லு வரைக்கும்தான் வருவேன்னு அடம். கொஞ்சம் தூரம் தூக்கிட்டுத்தான் போனேன். அங்க நின்னு நேரா நிமிர்ந்து கோலைப் பிடிச்சா. அப்பா, சீக்கிரம் எடு, கை வலிக்குதுன்னா. அப்புறம் ரெண்டே மாசம்."

கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த வருஷம் போனேன் சார். ஆறாம் கல்லு வரைக்கும் போயிட்டேன். அதுக்கு மேல கால் வரல. அந்த இடத்துல போய் நின்னு, அவ இல்லாத படத்தை நான் எப்படி எடுக்கறது? போன வருஷத்துப் படத்தையே ஓரத்தைக் கொஞ்சம் மாத்தி வெட்டி இன்னொரு பிரிண்ட் போட்டு ஒட்டிட்டேன். ஒரு வருஷம்தானேன்னு நினைச்சேன். வீட்ல அவ படம் ஒண்ணுகூட வெளிய இல்லை சார். அவ அம்மாவால பாக்க முடியாது. எல்லாத்தையும் பெட்டியில போட்டுப் பூட்டிட்டா. இங்க வந்தா வருஷத்துக்கு ஒரு தடவை அவ நிப்பா. புதுத் தேதி போட்டு, புதுக் கோப்புல. அவளுக்கும் ஒரு வருஷம் கூடின மாதிரி இருக்கும்."

"நோட்டீஸ் வந்ததும் சொல்லியிருக்கலாமே" என்றார் மாமா. குரலில் கடுமை இல்லை.

"சொன்னா எல்லாத்தையும் கிழிச்சு எடுத்துடுவாங்கல்ல சார்?" என்றார் அவர். பிறகு செயலாளர் அம்மாவைப் பார்த்தார். "பாலம் போயிடுச்சும்மா. என்னாலதான். நான் ஒருத்தன் ஒழுங்கா நடந்திருந்தா முதல் வருஷமே வேலி கண்ணுல பட்டிருக்கும்."

"ஒன்பது தடவை நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார் செயலாளர் அம்மா. "அவளை மடியில வெச்சுக் கொஞ்சியிருக்கேன். ஒன்பது தடவை இந்தப் படத்தைப் பார்த்து, 'சரி'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒரு தடவைகூட அவளைப் பாக்கலையே." சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

துரோகி என்று காடு முழுக்க முறைத்துக்கொண்டு வந்தோமே என்று வாயாடி நினைத்தாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

மாமா மட்டும் மேஜையை விட்டு நகரவில்லை. மற்ற ஒன்பது கோப்புகளையும் மூடிவிட்டு, முதல் வருஷத்துக் கோப்பை மட்டும் திறந்து வைத்திருந்தார். அந்த ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தொப்பி எப்ப வாங்கினது?"

"வாங்கினதில்லை சார். சிகிச்சையில முடி கொட்டிப் போச்சு. வார்டுல ஒரு நர்ஸம்மா, அங்க இருக்கற பிள்ளைங்களுக்கெல்லாம் கையால பின்னிக் குடுப்பாங்க. இவளுக்கு மஞ்சள்."

"சிகிச்சை ஆரம்பிச்சது என்னைக்கு? தேதி வேணும்."

தேதியைச் சொல்ல அவர் யோசிக்கவே இல்லை. மாமா விரல் விட்டு எண்ணினார். ஒன்பது வருஷம், ஒன்பது மாதம்.

"ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கா?"

"பெட்டியில இருக்கும்."

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வாயாடி, நீ சொல்லு. தலையில தொப்பி இருக்கு. அப்ப இந்தப் படம் எப்ப எடுத்தது?"

அவள் படத்தைப் பார்த்தபடி சொன்னாள். "சிகிச்சை ஆரம்பிச்சதுக்கு அப்புறம். அவ... போறதுக்கு முன்னாடி."

"அதாவது பத்து வருஷத்துக்குள்ள. இந்தப் படத்துல வேலி இருக்கா?"

செயலாளர் அம்மா முகத்திலிருந்து கையை எடுத்தார்.

"வேலி பழசுதான்" என்றார் மாமா. "ஆனா பதினோரு வருஷமில்லை. ஒன்பதேமுக்காலுக்கு மேல ஒரு நாள்கூட இருக்க முடியாது. பத்து வருஷம் முடிய இன்னும் மூணு மாசமாவது பாக்கி. நீங்க நேரத்துக்குத்தான் கேட்டிருக்கீங்கம்மா. பாலம் போகல." பிறகு எல்லைக்காரர் பக்கம் திரும்பினார். அவர் குரல் தணிந்துவிட்டது. "ஆனா நாளைக்கு நீங்க வந்து எல்லாத்தையும் சொல்லணும். மத்த ஒன்பதும் பொய்யின்னு உங்க வாயால ஒத்துக்கணும். வேலை போகும். அதோட... அவளைப் பத்தியும் எல்லார் முன்னாலயும் பேச வேண்டியிருக்கும். முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க. உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு மனசு வரல."

எல்லைக்காரர் மேஜை மேலிருந்த கோப்பை நேராக்கி வைத்தார்.

"பெட்டிச் சாவி அவ அம்மாகிட்ட இருக்கு" என்றார் கடைசியில். "கேட்டு வாங்கிட்டு வரேன்."

அந்தச் சாவியை அவர் எப்படிக் கேட்டார், அந்த வீட்டில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் காலையில் அவர் வந்தபோது கையில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் இருந்தன. கூடவே ஒரு சிறிய பழைய புகைப்படம். ஏழாம் கல் படத்தின் முதல் பிரதி, அந்த வருஷம் ஸ்டுடியோவில் கழுவி வாங்கி வந்தது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

விசாரணை நடந்தது ஒரு நீளமான அறையில். மின்விசிறி, நாலு வரிசை நாற்காலி, மேடை மேல் அதிகாரி. அவருக்குக் கடுமையான ஜலதோஷம். பக்கத்துச் சின்ன மேஜையில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு குமாஸ்தா. விடுதி முதலாளி வரவில்லை, அவருடைய வக்கீல் வந்திருந்தார். நகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிற வக்கீல்.

எல்லைக்காரர் செய்ததையெல்லாம் சொன்னார், ஏன் செய்தார் என்பதை மட்டும் விட்டுவிட்டார். ஒன்பது படங்களும் பொய், நான்தான் செய்தேன் என்று ஒரு தடவை சொன்னதை, அதிகாரி கேட்டுக்கொண்டதால் இன்னொரு தடவையும் சொன்னார்.

வக்கீலுக்குக் கொண்டாட்டம். "பத்துப் படத்துல ஒன்பது போலின்னு அவரே ஒத்துக்கறார். முதல் படம் மட்டும் எப்படி நிஜம்? இருபது வருஷத்துக்கு முந்தின படமாக்கூட இருக்கலாமே!"

மாமா எழுந்து ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும், முந்தின நாள் சாயங்காலம் அந்த நர்ஸிடம் எழுதி வாங்கி வந்த கடிதத்தையும் மேஜையில் வைத்தார். தொப்பியைப் பற்றி நாலே வாக்கியத்தில் சொன்னார். அதிகாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

வக்கீல் காகிதங்களை மேலோட்டமாகப் புரட்டினார். "சரி. படத்துல இருக்கறது உங்க பொண்ணுதானே?"

"ஆமா."

"இப்ப இருபது வயசிருக்குமே. நேர்ல கூப்பிடுங்க. எப்ப எடுத்த படம்னு அந்தப் பொண்ணே சொல்லட்டும்."

வாயாடி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு வரிசை நாற்காலியும் எல்லைக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வர மாட்டா சார்" என்றார்.

"ஏன்?"

"செத்துப் போயிட்டா."

ஒன்பது வருஷத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அதுவே முதல் தடவை என்று பின்னால் செயலாளர் அம்மா சொன்னார். வீட்டில்கூடச் சொன்னதில்லையாம். வக்கீல் நகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

அதிகாரி கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு படித்தார். வேலிக்குப் பத்து வருஷம் ஆகவில்லை, கோரிக்கை தள்ளுபடி, ஒரு மாதத்துக்குள் வேலியை அகற்ற வேண்டும். ஒன்பது கோப்புகளைப் பற்றித் தனி விசாரணை. செயலாளர் அம்மா வாயாடியின் தோளில் சாய்ந்து விசும்பினார். ஜெயித்தவர்கள் யாரும் ஜெயித்த மாதிரி இல்லை.

"மூலப் படம் இங்க இருக்கணும்" என்றார் அதிகாரி. "சாட்சியம்."

எல்லைக்காரர் சட்டைப்பையிலிருந்து அந்தச் சிறிய படத்தை எடுத்தார். "எப்ப சார் திருப்பித் தருவீங்க?"

"அப்பீல் எல்லாம் முடியணும். சில வருஷம் ஆகும்."

அவர் தலையாட்டினார். படத்தைச் சட்டை ஓரத்தால் ஒரு தடவை துடைத்துக் குமாஸ்தாவின் மேஜையில் வைத்தார். குமாஸ்தா அன்று காலையிலிருந்து நூறு காகிதத்தைப் பார்த்தவன். முகத்தைக்கூட நிமிர்த்தாமல் படத்தை மற்றக் காகிதங்களோடு தட்டிச் சேர்த்து, கோப்பில் கோர்ப்பதற்காகத் துளை போடும் இயந்திரத்துக்குள் செருகினான்.

"தம்பி" என்றார் எல்லைக்காரர்.

குமாஸ்தா நிமிர்ந்தான்.

"அவ மேல படாம, கொஞ்சம் ஓரமாப் போடுங்க."

குமாஸ்தா படத்தை வெளியே உருவினான். அப்போதுதான் அதைப் பார்த்தான். பிறகு இயந்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு உறை தேடினான்.